எங்க வூட்ல அடிச்சாங்க

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சீனியர் என்னை மேரியிடம் அனுப்பினார்.

"விமலா, மேரிக்குப் போய் இந்தக் குழந்தையோட பிறப்புச் சான்றிதழ வாங்கிட்டு வந்துடும்மா" என்றார்.

நான் ஒதியம்பட்டுக்காரி. எனக்குத் தெரிந்த மேரி ஒருவர்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பிரசவம் பார்த்து எடுத்த நர்ஸம்மா. பிறப்பு சம்பந்தமான காரியம் என்பதால் அவரைத்தான் சொல்கிறார் என்று நானாகவே முடிவு கட்டி, வில்லியனூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கே திரும்பிப் போனேன். நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் புள்ளய எடுத்துக் குடுக்கறவ. சர்ட்டிபிகேட்டா குடுக்கறேன்? யார்டி உன்ன அனுப்பனது?" என்றார். வியர்த்து வழியத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது சீனியருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்த ஆள். பிறப்பு இறப்பைப் பதியும் கொம்யூன் ஆபீஸை அவர் வாய் பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்லும். அது எங்கள் அறைக்கு அடுத்த கட்டடம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வில்லியனூரில் ஏழை எளியவர்களுக்கு இலவசமாகக் கேஸ் நடத்தித் தருவதற்கு ஓர் அறை இருந்தது. ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர். சீனியர் லூர்துசாமி டவுனிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாள்களில் நான்தான் எல்லாம். மனு டைப் அடிப்பேன். அடிபட்டு வரும் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். போலீஸ் ஸ்டேஷனில் அவர்களுக்குத் துணையாக உட்காருவேன். கோர்ட்டில் டவாலி பேரைக் கூப்பிடும்போது கையைப் பிடித்து எழுப்பி விடுவேன். இதற்கெல்லாம் இப்போது பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. அப்போது சம்பள வவுச்சரில் 'டைப்பிஸ்ட்' என்று போட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் குறிப்பை எழுதச் சொன்னதே சமூகப்பணி படிக்கும் சில பெண்கள்தான். "மேடம், பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவற இந்தத் துறைக்கு வரணும்னா எப்படி பிளான் பண்ணணும்?" என்று நோட்டும் பேனாவுமாக வந்து கேட்கிறார்கள். என்னிடமும் ஒரு பிளான் இருந்தது. பி.ஏ. முடித்தாயிற்று, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தாயிற்று. ஒரு வருஷம் சீனியரிடம் வேலை பழகுவது, பிறகு டவுன் சட்டக் கல்லூரியில் சேருவது, பிறகு கறுப்பு கவுன். தூங்கும்போதுகூட அந்தக் கவுன் என் தோளில் கிடக்கும். கோர்ட்டுக்குப் போகும் நாள்களில் வக்கீல்கள் கவுனை மாட்டும் விதத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். கல்யாணப் புடவைக்குக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை.

அஞ்சலை

அஞ்சலை வந்தது ஒரு புதன்கிழமை. இடது கையில் மாவுக்கட்டு. பெஞ்சில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா அடிச்சது?"

"எங்க வூட்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண் 'எங்க வூட்ல' என்றால் அது வீடும் இல்லை, வீட்டில் இருக்கும் மற்றவர்களும் இல்லை. புருஷன் ஒருவன்தான். அவன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். புருஷன் என்ற சொல்லையும் வெளி மனிதர்கள் முன்னால் சொல்லக் கூசுவார்கள். 'கணவர் அடித்ததாக' என்று டைப் அடித்துவிட்டு, அவன் பேர் என்ன என்று கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்த்தாள்.

"திருப்பதிக்குப் போனா இன்னாத்தக்கா ஏறுவாங்க?"

"மலை."

"எத்தினி?"

"ஏழு. ஓ, ஏழுமலையா?"

சட்டென்று கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், சொன்னது நான் என்றாலும். பிறகு அவளே சிரித்தாள். "நீ சொல்லலாங்கா, ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

மகளுக்கு என்ன வயது என்று கேட்டதற்கு, "ஆறும் ஒண்ணும்" என்றாள். ஏழு என்ற எண்ணே அவள் கணக்கில் கிடையாது. களத்தில் நெல் அளக்கும்போதும் ஆறு, ஆறும் ஒண்ணு, எட்டு என்றுதான் எண்ணுவாளாம். கூட வேலை செய்யும் பெண்கள் வேண்டுமென்றே அந்த இடம் வரும்போது அளப்பதை நிறுத்தி அவள் வாயைப் பார்ப்பார்களாம். கை உடைந்த நிலையிலும் இதைச் சொல்லிச் சிரித்தவள், மகள் பேச்சு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மகள் பேர் பூங்காவனம். ஏழுமலை பாகூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரு சாயங்காலம் அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவன் பிள்ளையை உள்ளேயே வைத்துக்கொண்டான். அஞ்சலை வில்லியனூரில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். நாலைந்து தடவை டவுனுக்குப் போய், பஸ் மாறி, பாகூர் பள்ளிக்கூடத்து வேலியோரம் போய் நின்றிருக்கிறாள். மாமியார் கண்டுபிடித்து, பிள்ளையை வேறு வழியாகக் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டாள்.

"அரியாங்குப்பம் பாலத்த பஸ்ஸு தாண்டறப்பவே நெஞ்சு அடிச்சிக்கும்கா. அங்க போயி நின்னா, உள்ள எல்லாப் புள்ளைங்க சத்தமும் கேக்கும். அதுல எம் பொண்ணு சத்தம் எதுன்னு தெரியல. பெத்தவளுக்கே தெரியல பாரு. பேரச் சொல்லிக் கூப்ட்டா ஓட வந்துரும். கூப்ட்டா அந்தம்மா அதப் போட்டு அடிக்கும். வாய்க்குள்ளயே கூப்ட்டுக்கினு வந்துருவன்."

ஜீவனாம்சம் கேட்போமா என்று சீனியர் கேட்டார். அதெல்லாம் வேண்டாம், பிள்ளையை வாங்கிக் கொடுங்கள், அது போதும் என்றாள். பிள்ளையைக் கேட்டு மனு போட்டோம்.

ஒத்திகை

எதிர்த் தரப்பு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. நல்ல குரல், நல்ல நாக்கு. அவர் வீட்டில் மனுவின் நகலைக் கொடுக்க ஒருமுறை நான் போயிருந்தேன். அவர் மனைவி வாசலுக்கு வந்து, "எங்க வூட்ல இப்பத்தாம்மா கோர்ட்டுக்குக் கெளம்பிப் போனாங்க" என்றார். நகலை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எதிர்மனுவில் அவர் எழுதியிருந்தது இதுதான். ஏழுமலை மனைவியைத் தொட்டதே இல்லை. மாமியார் மருமகள் சண்டையில் அஞ்சலையே கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுத் தானாகப் போய்விட்டாள். படித்த உடனே சீனியர் சொன்னார், "இவ வாயால அவன் பேர வரவழைக்கணும். இல்லன்னா கஷ்டம்."

அந்த வேலை என் தலையில் விழுந்தது. சீனியரின் நாற்காலியில் நான் ஜட்ஜாக உட்கார்ந்துகொண்டு, அஞ்சலையை எதிரில் நிற்க வைத்துக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். என்ன மிரட்டினாலும் திருப்பதிக்குத்தான் போனாள், ஏழுமலைக்கு வரவில்லை. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கைய ஒடச்சவனுக்கு இன்னாடி இவ்ளோ மரியாத?"

"மரியாத இல்லக்கா. பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லியிருக்குது. அந்தாளு ஆயுசு கொறைஞ்சா எனுக்கு இன்னா போவுது? பூங்காவனத்துக்கு அப்பா இல்லாம பூடும். நானும் இல்ல, அப்பாவும் இல்லன்னா அது யார் மூஞ்சியப் பாக்கும்?"

அன்று ஒத்திகையை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கூண்டு

விசாரணை நாளன்று ஏழுமலை கோர்ட்டுக்கு வரவில்லை. வயிற்றுவலி என்று மனு கொடுத்திருந்தார்கள். வந்திருந்தால் அஞ்சலை கையை நீட்டிக் காட்டிவிடுவாள் என்று எதிர்த் தரப்பு வக்கீலுக்குத் தெரியும். பிள்ளையை மட்டும் கூட்டிவரச் சொல்லி ஜட்ஜ் உத்தரவு போட்டிருந்ததால் மாமியார் கூட்டி வந்திருந்தாள். வராந்தாவில் தூண் மறைவில் நீலப் பாவாடை மட்டும் தெரிந்தது. அஞ்சலை கூண்டில் ஏறியதிலிருந்து அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீனியர் கேட்டார், "உன்ன யாரும்மா அடிச்சது?"

"எங்க வூட்ல அடிச்சாங்க."

"வூட்லன்னா யாரு?"

"எங்க வூட்லதான் சார். அவங்கதான்."

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். குறுக்கு விசாரணை ஆரம்பித்தது.

"அடிச்சாங்கன்னு சொல்றியேம்மா, எத்தன பேரு?"

"ஒருத்தருதான்."

"ஒருத்தருன்னா அடிச்சாருன்னு சொல்லணும். நீ அடிச்சாங்கன்னு இல்ல சொல்ற? யுவர் ஆனர், சாட்சி வீட்டில் அடித்தார்கள் என்றுதான் சொல்கிறார். யார் யாரோ அடித்திருக்கலாம். என் கட்சிக்காரர் பேர் இந்தச் சாட்சியத்தில் எங்குமே வரவில்லை."

ஜட்ஜ் கணவரா என்று கேட்டார். அஞ்சலை தலையை ஆட்டினாள். தலையாட்டினது ரெக்கார்டில் ஏறாது என்றார் வக்கீல். பேரைச் சொல்லச் சொன்னார்கள். அவள் திருப்பதி என்றாள். "திருப்பதிக்குச் சம்மன் அனுப்பலாமா யுவர் ஆனர்?" என்றார் அவர். கோர்ட்டே சிரித்தது. பெஞ்ச் கிளார்க்கும் குனிந்து சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் வீட்டில் தானும் 'எங்க வூட்ல' என்றே வாழும் மனிதர் அல்லவா இவர்! ஓர் ஆளுக்குத்தான் 'ங்க' போட்டு இவர் மனைவி பேசியதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எழுந்து நின்று அதைக் கோர்ட்டில் உரக்கச் சொல்லவேண்டும் போல இருந்தது. ஆனால் அங்கே வாய் திறக்கும் உரிமை கவுன் போட்டவர்களுக்குத்தான். குனிந்து சீனியரின் காதில் சொன்னேன். அவர் திரும்பாமலேயே, "தெரியும்மா. என் வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க. அதுக்காக அவர் சம்சாரத்தையா கூண்டுல ஏத்த முடியும்?" என்றார். அன்றைக்கு ஏங்கியது போல அந்தக் கவுனுக்காக நான் என்றைக்கும் ஏங்கியதில்லை.

ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு அஞ்சலையைப் பார்த்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா எனக்குப் புரியறது வேற, ரெக்கார்டுல ஏறறது வேற. நாளைக்கு அப்பீல்ல இதப் படிக்கறவருக்கு உங்க ஊரு பேச்சு தெரியாது. பேரச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"சொன்னா பொண்ண குடுத்துருவீங்களா சாமி?"

"அப்படியெல்லாம் வாக்குக் குடுக்க முடியாதும்மா. சொல்லலன்னா உன் பக்கம் ஒண்ணுமே இல்லாமப் போயிடும்."

அஞ்சலை வராந்தாப் பக்கம் பார்த்தாள். பூங்காவனம் தூணிலிருந்து தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா என்று ஓடி வரவும் இல்லை, மறைந்துகொள்ளவும் இல்லை. அஞ்சலை தாலிச் சரட்டை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

"ஏழுமல. ஏழுமலதான் அடிச்சாரு."

டைப்ரைட்டர் தட்டும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கூண்டிலிருந்து இறங்கும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "போச்சிக்கா" என்றாள்.

சனிக்கிழமை

அன்றைக்கே பிள்ளை கைக்கு வந்துவிடவில்லை. அம்மாவைப் பிரிந்து மாதக்கணக்காகிவிட்டது, முழுப் பரீட்சை முடிகிற வரைக்கும் பிள்ளை அப்பா வீட்டிலேயே இருக்கட்டும், வாராவாரம் சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கட்டும், பிறகு பிள்ளையையே கேட்கிறேன் என்று ஜட்ஜ் ஆர்டர் போட்டார். பார்க்கும் இடம் எது என்று தகராறு வந்தது. அண்ணன் வீடு வேண்டாம் என்றார்கள் அவர்கள், பாகூர் வேண்டாம் என்றோம் நாங்கள். கடைசியில் எங்கள் அறை என்று முடிவாயிற்று.

அந்த வருஷம்தான் எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. நான் போய்விட்டால் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஆள் கிடையாது. அறை இல்லை என்றால் ஆர்டரை மாற்றக் கேட்டு எதிர்த் தரப்பு மறுநாளே மனு போடும். தயவு செய்து இதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போடுகிறேன் என்றுதான் நினைத்தேன். தள்ளிப்போட்டது அப்படியே போய்விட்டது. அடுத்த வருஷம் வேறொருத்தியின் கேஸ், அதற்கடுத்து அப்பாவின் பக்கவாதம், பிறகு வயது. இன்றைக்கும் கோர்ட் வாசலில் சின்னப் பெண்கள் கவுனைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நல்ல எண்ணத்தோடுதான் எரிகிறது, ஆனாலும் எரிகிறது.

முதல் சனிக்கிழமை பாயை விரித்துப் போட்டேன். அஞ்சலை வறுத்த வேர்க்கடலை கொண்டு வந்திருந்தாள். பிள்ளை கடலையை வாங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றது. அடுத்த வாரமும் அப்படியே. நான் டைப் அடிப்பது போல எதையோ அடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். அஞ்சலை பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். தொடலாமா என்று என்னைப் பார்ப்பாள். அதற்கும் ஆர்டர் வேண்டுமோ என்னவோ என்று பயந்திருக்கிறாள், பாவம்.

மூன்றாவது வாரம் பிள்ளை சுவரைப் பார்த்தபடியே கேட்டது.

"ஏம்மா அப்பா பேரச் சொன்னே? கெட்டவங்கதான் சொல்லுவாங்களாம். அப்பா செத்துருவாராம். எல்லாரும் சொல்றாங்க."

நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன். அஞ்சலை பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பா பேரச் சொன்னாத்தான் ஒம் பேரச் சொல்லிக் கூப்ட வுடுவேன்னாங்கடி. இன்னா பண்ணுவன்? சொல்லிட்டன். அப்பாவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கு போடறன்."

பிள்ளை திரும்பியது. "அப்ப கூப்டு" என்றது.

"பூங்காவனம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். இன்னொரு தடவை என்றது பிள்ளை. மறுபடி கூப்பிட்டாள். கொம்யூன் ஆபீஸ் பியூன் என்ன சத்தம் என்று கேட்க வந்துவிட்டான். அவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

முழுப் பரீட்சை முடிந்ததும் ஜட்ஜ் பிள்ளையைச் சேம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் துணைக்கு உள்ளே நின்றேன். யார் கூட இருக்கிறாய், அம்மாவா, அப்பாவா என்று அவர் கேட்டதற்குப் பிள்ளை நேராகப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சனிக்கெழம பத்தல சார்" என்றது.

ஆர்டர் அஞ்சலைக்குச் சாதகமாக வந்தது. அப்பா மாதத்தில் ஒரு நாள் பார்க்கலாம் என்று ஜட்ஜ் எழுதினார். ஏழுமலை அதற்குப் பிறகும் நெடுநாள் திடகாத்திரமாக டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அஞ்சலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, செங்கல் சூளையில் வேலை கிடைத்துக் கடலூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வரவில்லை. எனக்கு அப்போது அது குறையாகத்தான் இருந்தது.

எப்படிப் பிளான் பண்ணணும் என்று கேட்கிற பெண்களுக்குச் சொல்வது இதுதான். சட்டம் படியுங்கள், முடிந்தால் தள்ளிப்போடாமல் படியுங்கள், கவுனை மாட்டுங்கள். அத்தோடு இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர்கள் நம்மை அக்கா என்று கூப்பிட்டு, மடியில் தலை வைத்து அழுதுவிட்டு, நன்றாக ஆனதும் நம்மை மறந்துவிடுவார்கள். நம் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு அந்தக் கெட்ட காலம் ஞாபகம் வரும். அதனால் வராமல் இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது. நாம் ஜெயித்த கேஸ் திரும்ப நம் வாசலுக்கு வராது. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள், எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஆர்டர் வந்த வாரத்துச் சனிக்கிழமை, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே அறையைத் திறந்தேன். கைப்பழக்கத்தில் பாயையும் விரித்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது. மத்தியானம் வரைக்கும் கதவைச் சாத்த மனம் வரவில்லை.